இருபது குப்பிகள்

“இன்னொரு தடவை வைம்மா” என்றாள் மூக்கு அக்கா.

இளம் பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தத் தொழிற்சாலையில் அக்கா முகர்ந்து பார்த்துத் தலையாட்டாமல் குழந்தைப் பால் பவுடர் டப்பா ஒன்றுகூட வெளியே போகாது. இருபத்தாறு வருட அனுபவம். இவள் தன் சென்சாரைக் கொண்டுவந்த நாளிலிருந்து மூன்று மாதமாக, அக்கா ஒரு நாள் விடாமல் வரச்சொல்லி உயிரை எடுக்கிறாள். சென்சார் எங்கே தன் வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன?

“நேத்தே எல்லா பேட்ச்சையும் மூணு தடவை பார்த்தாச்சேக்கா.”

“அது நேத்து பவுடர். இது இன்னிக்குப் பவுடர். குடிக்கப்போறது பச்சைக் குழந்தைங்க. வை.”

வைத்தாள். நகத்தளவு சில்லு. அதில் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகள், அவற்றின் மேல் ஒரு புரதப் பூச்சு. கெட்டுப்போன பவுடரிலிருந்து கிளம்பும் வாசனை மூலக்கூறுகள் அந்தப் புரதத்தில் ஒட்டினால், கம்பியில் ஓடும் மின்சாரம் இம்மியளவு மாறும். திரையில் கோடு எழும்பும். அவளுடைய ஐந்து வருட உழைப்பு.

கோடு எழும்பவில்லை. அக்காவும் முகர்ந்து தலையாட்டினாள். டப்பாக்கள் நகர்ந்தன.

மறுநாள் அக்காவின் மூக்குக்கும் சென்சாருக்கும் போட்டி. மேலாளர் மேசையில் இருபது குப்பிகளை வரிசையாக வைத்தார்.

“எதுல கெட்டது கலந்திருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா மூக்கை உன் சென்சார் ஜெயிச்சா வாங்கிக்கறோம். இல்லேன்னா நீ மூட்டையைக் கட்டிடணும்.”

ஒவ்வொரு குப்பியும் முதலில் சென்சாருக்கு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு. பொறியாளர் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. அக்கா நிதானமாக முகர்ந்து, விடையைச் சீட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

மேலாளர் சரிபார்த்தார். “சென்சார், இருபதுக்கு இருபது.”

பொறியாளருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

“அக்காவும் இருபதுக்கு இருபது.” மேலாளர் சிரித்தார். “அப்புறம் இது எதுக்கு? எங்க மூக்கு இங்கயே இருக்கே.”

“அக்காவுக்கு ஒரு நாள் சளி பிடிச்சா என்ன சார் பண்ணுவீங்க?”

“இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல. கிளம்பும்மா.”

அவள் கிளம்பவில்லை. “நாளைக்கு நாற்பது குப்பி வைங்க சார். நானூறு வைங்க. நான் வர்றேன்.”

“எத்தனை வெச்சாலும் சரிக்குச் சரியாத்தான் வரும்” என்றாள் அக்கா.

பொறியாளருக்கு முகம் சிவந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொண்டது போதாதா, குத்திக்காட்டவும் வேண்டுமா?

அக்கா மேலாளரைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“இவ திரையைப் பார்த்துத்தான் சார் இருபதையும் எழுதினேன். காய்ச்சல் வந்து என் மூக்கு செத்து மூணு மாசமாச்சு. அன்னியிலிருந்து இங்கேயிருந்து போன ஒவ்வொரு டப்பாவும் இந்த சென்சார் பார்த்து அனுப்பினதுதான்.”