அசையாத எண்

இதயத்துக்குள் குழாய் செலுத்தி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இப்போது அவ்வளவு துல்லியமாகிவிட்டதால், அறைக்குள் யார் வந்தாலும் திரையில் எண் அசைந்தது. அசைந்தால் அளவு தவறிவிடும். ஆகவே யாரைப் பார்த்தால் நோயாளிக்கு எண் அசையாதோ, அந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சோதனையைத் தொடங்குவார்கள்.

செங்கோடனுக்கு மகன் வந்தபோது எண் ஏறியது. மைத்துனர் வந்ததும் எகிறியது. கடைசியாக மனைவி பூவாத்தாள் வந்தாள். எண் அப்படியே நின்றது.

"அம்மா, நீங்கதான்! இப்படி உக்காருங்க," என்றாள் டெக்னீஷியன் சபிதா நிம்மதியோடு.

பூவாத்தாள் உட்காரவில்லை. "ஒண்ணுமே ஏறலியா கண்ணு?"

"துளிகூட இல்லீங்கம்மா."

"தரை தொடைக்க வந்த புள்ளைக்கே ரெண்டு ஏறுச்சு. கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான இருந்தேன். ஏனுங்க, நானென்ன செவுருங்களா?"

செங்கோடன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணும் அசையவில்லை.

"அப்ப அந்தச் செவுத்தையே வெச்சுப் பாத்துக்குங்க," என்று அவள் வெளியே போய்விட்டாள்.

கதவு மூடியதும் எண் ஏறத் தொடங்கியது. மகனைத் தாண்டி, மைத்துனரையும் தாண்டி ஏறியது. சபிதா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"உள்ள வாங்கம்மா! நீங்க போனதுலேர்ந்து அவருக்கு ஏறிக்கிட்டே இருக்கு. இப்படியே போனா இன்னிக்கு சோதனையே நடக்காது."

பூவாத்தாள் கண்ணாடி வழியே திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வர்றேன் கண்ணு. இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்."