நான்கு பொட்டு

குளித்துவிட்டு வந்தவன் ஈரத் துண்டோடு அப்படியே நின்றான்.

திறந்து கிடந்த கார் எஞ்சின் பளிச்சென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அவன் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த கோடுகளும் இல்லை.

கோடு இருந்த இடத்திலெல்லாம் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

மொத்தம் நான்கு பொட்டு.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, வருஷா வருஷம் பானெட் மேலதான வெப்போம்? இந்தத் தடவ உள்ளயே வெச்சுட்டேன். நீங்கதான் எடமெல்லாம் கோடு போட்டு வெச்சிருந்தீங்களே.”

ஆயுத பூஜை. தெருமுனை மெக்கானிக் கடையைக் கழுவிவிட்டு, மாலை போட்டு, பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

திறந்திருந்தாலும் அவன் கொடுத்திருக்க மாட்டான். வால்பாறைக்கு நாற்பது ஊசி வளைவு. அவளை ஏற்றிப் போகிற வண்டியில் இன்னொருவர் கை பட அவனுக்கு மனமில்லை.

விடிந்ததிலிருந்து தனியாகவே மல்லுக்கட்டினான். ஒழுகிய வாட்டர் பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. டைமிங் பெல்ட் ஒன்றுதான் பாக்கி.

மேலே ஒரு பல்சக்கரம். கீழே ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது பெல்ட். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் இரண்டும் எப்படி நின்றன என்பதற்குத்தான் அந்தக் கோடுகள். சக்கரத்தில் ஒன்று, அதற்கு நேரே எஞ்சின் உடம்பில் ஒன்று. கம்பெனி வெட்டிய குறிகளைத் துரு எப்போதோ தின்றுவிட்டது.

இரண்டு பல் தள்ளி மாட்டினால் போதும். சாவியைத் திருகியதும் உள்ளே வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எஞ்சின் அவ்வளவுதான்.

நாளை விஜயதசமி. அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். வால்பாறைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு மாற்றல். அவனுக்கு இங்கே மில் வேலை.

ஆர்டர் வந்த நாளிலிருந்து இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பம்பைப் பற்றியே பேசினார்கள்.

வாசற்படியில் அவள் கட்டி வைத்த அட்டைப்பெட்டி இருந்தது. கட்டுவதற்கு முன் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தான்.

ஒரு தட்டு. ஒரு டம்ளர்.

ஸ்பேனர் தேடப் போய்விட்டான்.

“கோட்ட அழிச்சுட்டியா, கனகு?”

அவன் குரலில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணி நழுவியது.

“அழிக்கலீங்க. கோட்டு மேலயேதான் வெச்சேன். சுத்தியும்தான் தொடச்சேன்.”

சந்தனம் காய்ந்திருந்தது. சுரண்டினால் அடியில் இருக்கும் கோடும் சேர்ந்து வந்துவிடும்.

குனிந்து பார்த்தான்.

நான்கும் ஒரே அளவு. குங்குமம் நட்ட நடுவில். இம்மியும் விலகவில்லை. கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுகிற கை.

“வண்டி போச்சுங்களா?”

புது பெல்ட்டை எடுத்தான்.

மேலே, குங்குமத்துக்கு நேராகக் குங்குமம். கீழேயும் அப்படியே. பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

சாவியைத் தொடவில்லை. முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்பேனரைப் போட்டு மெல்லத் தள்ளினான். அவள் செல்போன் வெளிச்சம் பிடித்தாள்.

கீழ்ச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் மேல் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்.

ஒன்று.

எங்கும் இடிக்கவில்லை.

மேல் பொட்டு அந்தப் பக்கம் போய் மறைந்தது. அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பெயராக இருக்கும்.

இரண்டு.

மறைந்த பொட்டு மெதுவாக ஏறி வந்து, தன் ஜோடிக்கு நேரே நின்றது.

அவன் மூடியைப் போட்டு முடுக்கினான். பொட்டுகளைத் துடைக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினான். ஒழுகவில்லை. சாவியை அவளிடம் நீட்டினான்.

“நீயே போடு.”

ஒரே திருகு. வண்டி உறுமியது. பிறகு தூங்குகிற குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

இனி பேசுவதற்குப் பம்ப் இல்லை.

அவள் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“இந்தப் பெல்ட்டு எத்தன நாளைக்குங்க வரும்?”

“அறுபதாயிரம் கிலோமீட்டர்.”

“வாரத்துக்கு ஒருக்கா வால்பாறை வந்துட்டுப் போனா?”

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

“அஞ்சு வருஷத்துக்கு மேலயே தாங்கும்.”

கணக்கு டீச்சர் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து பெட்டியின் சணல் கயிற்றை அவிழ்த்தாள்.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

இன்னொரு டம்ளரோடு வந்தாள்.