கழிப்பறை வாசலில்

“நவுருங்க, நவுருங்க! கவுன்சிலர் வந்துட்டாரு!”

ராஜா அண்ணாமலைபுரத்தின் ஆற்றோரக் குடியிருப்பில் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ரகுபதி காரைவிட்டு இறங்கினார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பின்னாலேயே இறங்கியவர் சுப்பராமன், எதிர்ப்பக்க அடுக்குமாடி வீடுகளின் சங்கச் செயலாளர்.

பொதுக் கழிப்பறைக்கு முன்னால் பொக்லைன் நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் சுவர் காலி. ஆனால் வாசற்படியில் ஒரு பெண் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் குடியிருப்புப் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

“என்ன சார் இது? காலம்பறயே முடிஞ்சிடும்னேளே?” கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார் சுப்பராமன். “எங்காத்துல நிம்மதியா சாப்பிட உக்கார முடியலை, அப்படியொரு நாத்தம். இந்தச் சனியனை எடுத்தாத்தானே நாங்க கேட்ட பூங்கா வரும்?”

நாற்றத்துக்குக் காரணம் குழாயில் தண்ணீர் வராததுதான். அதை வரவழையுங்கள் என்று சங்கத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஓட்டுச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்காத அந்தப் பெரிய மனிதர்களுக்கு வார்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ரகுபதியின் செல்போன் நம்பர்தான்.

ரகுபதி பொறியாளர் சித்தார்த்தனிடம் போனார். இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்த புதுசு, பாவம். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“ஏன்யா வண்டி நிக்குது?”

“கவுன்சிலர் நேர்ல நின்னு சரின்னு சொன்னாத்தான் கை வைக்கணும்னு மேல சொல்லிட்டாங்க சார்.”

“அதுக்குத்தானே வந்து நிக்கிறேன்? ஆரம்பி.”

பொக்லைன் உறுமியது. வாசற்படியில் இருந்தவள் அசையவில்லை.

“இடி! என் மேல ஏத்திட்டு இடி!” என்று கத்தினாள். “எங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சி போய்க் கீது. இத்த இடிச்சிட்டா அது எங்கய்யா போவும்? மெயின் ரோட்டத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கா? வயசுப் பொண்ணுங்க இன்னா பண்ணும்?”

ரகுபதி பல்லைக் கடித்தார். “மரியாதையா எழுந்து வூட்டுக்குப் போ. நாலு பேரு முன்னாடி அசிங்கப்படாத.”

“நீ போ. நான் வரல.”

“யார் சார் இந்தப் பொம்மனாட்டி? உங்களையே இப்படிப் பேசறா?” என்று சுப்பராமன் வாயைப் பிளந்தார்.

“வாய்க்கொழுப்பு சார். இவளாண்ட பேசிப் பிரயோஜனமில்ல.”

“தண்ணி லாரி கேட்டா நாளைக்கு, லைட்டு கேட்டா நாளைக்கு. இடிக்க மட்டும் இன்னிக்கே ஓடி வர்றியா கவுன்சிலரே?” கூட்டத்திலிருந்து இன்னொருத்தி கூவினாள். கூடவே ஒரு பழைய ரப்பர் செருப்பு பறந்து வந்து வெள்ளைச் சட்டையில் பளாரென்று விழுந்தது.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் ரகுபதியால் தாங்க முடியவில்லை. பாதுகாப்புக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீரஞ்சனியைப் பார்த்துக் கத்தினார்.

“எல்லாத்தையும் தூண்டி விடறது இவதான் மேடம்! தூக்கி வேன்ல போடுங்க. மத்ததுங்க தானா ஓடிடும்.”

“நீங்க சொன்னா சரி சார்.” ஸ்ரீரஞ்சனிக்கும் இந்த ஸ்டேஷன் புதிது.

இரண்டு பெண் காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கதவு நிலையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. பெண்கள் ஓவென்று அலறி மண்ணை வாரித் தூற்றினார்கள். ரகுபதி மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சமாவது மனசாட்சி உள்ளவன் அப்படி நின்றிருக்க மாட்டான்.

கடைசியில் அவளை வேன் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பொக்லைன் மறுபடி உறுமியது.

“பேரு என்ன?” என்று அதட்டினாள் ஸ்ரீரஞ்சனி.

“அன்புக்கரசி.”

“புருஷன் பேரு?”

அவள் முகவாயால் ரகுபதியைக் காட்டினாள். “தோ, செருப்படி வாங்கிக்கினு நிக்குதே, அந்த ஆளுதான்.”

சுப்பராமனின் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கியது. ரகுபதி அவசரமாகக் காரை நோக்கி நடந்தார்.

ஸ்ரீரஞ்சனியின் குரலில் அதட்டல் குறைந்திருந்தது. “நீ... நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

அன்புக்கரசி ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இந்த வார்டு கவுன்சிலரு. பொக்லைனத் திருப்பச் சொல்லு.”