கவுண்டரில் நிற்கும் பேராசிரியை

"காலேஜ் மானத்தையே கப்பலேத்திட்டீங்களேம்மா!"

பார்மசி துறைத் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம். உதவிப் பேராசிரியை மேஜைக்கு எதிரே நின்றாள்.

"வாரத்துல மூணு சாயந்தரம் மருந்துக் கடைக் கவுண்டர்ல நிக்கிறீங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான் சார்."

"சம்பளம் பத்தலையா?"

"அதுக்கில்ல சார். மாத்திரையை முழுங்குறவங்ககிட்ட பேசாமலே பாடம் எடுத்தா, ஏதோ மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

தன்னைத்தான் குத்துகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். அவர் கவுண்டரில் நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"நாம பேராசிரியருங்க. மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக் கொடுக்கிற ஆளுங்க இல்ல. கடையா, காலேஜா? இப்பவே எழுதிக் கொடுங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, இனி கடைக்குப் போகமாட்டேன் என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பிடித்த வேலை போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சாயந்தரம் உற்சாகமாக வீட்டுக்கு வந்தார்.

"முட்டி வலி எப்படி இருக்கு? நான் கொடுத்த மாத்திரை கேட்குதா?"

"அதை நேத்தே தூக்கிப் போட்டாச்சுங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு போடுறேனே, அது தீர்ந்துபோச்சுன்னு நேத்து கடைக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, வேற என்ன சாப்பிடுறீங்கன்னு துருவித் துருவிக் கேட்டா. வலி மாத்திரையைச் சொன்னதும் பதறிட்டா. ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியுமாமே? டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டு, வேற மாத்திக் கொடுத்தா."

அந்த ரெண்டையும் சேர்க்கலாமா என்று வருஷா வருஷம் பரீட்சையில் கேள்வி கேட்பவரே அவர்தான்.

"அந்த வலி மாத்திரையை யாரு கொடுத்தாங்கன்னு கேட்டாளா?"

"கேட்டா, சொன்னேன். அவ உங்க டிபார்ட்மென்ட்தானாமே!"

அவர் கை சட்டைப் பையிலிருந்த நாலு வரிக் கடிதத்துக்குப் போனது.

"'சார்கிட்ட சொல்லாதீங்கம்மா, ரொம்பச் சங்கடப்படுவார்'னு சத்தியம் வாங்காத குறை. நான் ஒருத்தி, உளறிட்டேன். தங்கமான பொண்ணுங்க. காலேஜ்ல யாராவது அவளை ஏதாச்சும் சொன்னா, நீங்கதான் பார்த்துக்கணும், என்ன?"