கட்டைவிரல் ஆழம்

அவள் மட்டையில் கட்டைவிரலை அழுத்தினாள்.

விரல் உள்ளே இறங்கியது.

எட்டு மாதம் காயல் சேற்றில் புதைந்து கிடந்த தேங்காய் மட்டை. பதமாகாத மட்டை விரலைத் தள்ளிவிடும். பதமானது, வெந்த கிழங்கைப் போல வழிவிடும்.

"இன்னும் ஆகலைங்கய்யா" என்றாள்.

கரையில் நின்ற கப்பல்படைத் தலைவர் வெளியன் அவள் கையைப் பார்த்தார். அவர் பின்னால் நின்ற வீரன் ஒருவன் சிரித்தான்.

"இது ஊறி முடியறதுக்குள்ள ராசாவுக்கு மீசை நரைச்சிரும்."

அவள் கட்டைவிரலை நீரில் அலசுவதுபோல் மறைத்துக்கொண்டாள்.

துறையில் நாற்பது கப்பல்கள் வெறும் பலகைகளாகக் கிடந்தன. இந்தக் கரையில் கப்பலுக்கு ஆணி அடிப்பதில்லை. பலகையின் ஓரங்களில் துளையிட்டு, நார்க்கயிற்றால் ஒன்றோடொன்று தைப்பார்கள். நீர் பட்டதும் கயிறு உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். ஊறாத நாரில் திரித்த கயிறு நடுக்கடலில் அறுந்துவிடும்.

வாடைக் காற்றைப் பிடிக்க இன்னும் ஒரு மாதத்துக்குள் கிளம்பியாக வேண்டும். அது தள்ளினால்தான் மேற்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் பேரரசை எட்ட முடியும்.

நார் அடித்து, கயிறு திரித்து, தைத்து முடிக்கவும் ஒரு மாதம்.

இன்று மட்டையை எடுத்தால் போர் உண்டு. எடுக்காவிட்டால், தைக்காத பலகைகள் கோடையில் வளைந்துவிடும். இன்னொரு நாற்பது கப்பலுக்குத் தேக்கு இனிக் காட்டில் இல்லை.

முதல் கப்பலில் மூன்றாம் துடுப்பு அவள் மகன் அழிசிக்கு.

அவன் அப்பனும் துடுப்புப் போடத்தான் போனான். ஏழு கப்பல்கள் போயின. ஒன்று திரும்பியது. அதில் வந்த வெளியன்தான் அவள் வாசலில் நின்று சேதி சொன்னார்.

இப்போது அவர் செருப்பைக் கழற்றினார். சேற்றில் இறங்கி அவள் பக்கத்தில் வந்தார்.

"குடு."

கொடுத்தாள். பொய் சொன்னவர்களை அரசர் என்ன செய்வார் என்று ஊருக்கே தெரியும்.

அவர் கட்டைவிரலை வைத்தார். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. அடிவரை போயிற்று.

எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அழிசிக்கு நீந்தத் தெரியுமா?" மெல்லத்தான் கேட்டார்.

"அவங்கப்பனுக்கும் தெரியும்ங்கய்யா."

அவர் மட்டையை நீருக்குள் விட்டார். அது சத்தமில்லாமல் அமிழ்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கு!" கரையைப் பார்த்துக் கத்தினார். "இங்க ஒண்ணும் ஆகாது. கிளம்புங்கடா."

பிறகு குனிந்து விரலைத் தேய்த்தார். மட்டைச் சாறு கறுப்பு. மீண்டும் தேய்த்தார்.

"நாலு நாளைக்குப் போகாதுங்க" என்றாள்.

கல்லு மாதிரி மட்டையில் அழுத்திய விரலுக்கு நுனியில்தான் கறை இருக்கும். அவர் விரலில் அடிவரை இருந்தது.

அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். கரையேறி, அரசர் காத்திருந்த திசையில் நடந்தார்.

கண்ணுக்கு மறையும்வரை அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது திறக்கவில்லை.