முட்டாள் கார்டு

"கார்டு பார்த்து வேலையை விடுறியா? நிஜமாவா சொல்ற?"

அழகப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு திவ்யதர்ஷினியைப் பார்த்தார். அவர் மேசைமேல் அவளுடைய ராஜினாமாக் கடிதம் கிடந்தது.

"ஆமா சார். காலையில டாரட் கட்டைக் கலைச்சு ஒரு கார்டு எடுத்தேன். முட்டாள் கார்டு வந்துச்சு."

"பொருத்தமாத்தான் வந்திருக்கு."

திவ்யா சிரித்துவிட்டாள். "மலை விளிம்புல ஒருத்தன் மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பான் சார். புதுசா கிளம்புன்னு அர்த்தம். கிளம்பிட்டேன்."

சரக்கு அனுப்பும் அந்தக் கம்பெனியில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறார்கள். திவ்யா, ரமீஸ் இருவரில் ஒருவருக்குத்தான் இனி இடம். திவ்யாவைத்தான் வைத்துக்கொள்வதாக வெள்ளிக்கிழமை மாலை அழகப்பனே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் இப்படி வந்து நிற்கிறாள்.

"நல்லா யோசி. ரமீஸைவிட நீ சீனியர். கிளையண்ட்ஸ் எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. நீ போனா அந்த இடம் அவனுக்குப் போயிடும்."

"போகட்டும் சார். கார்டு சொன்னப்புறம் நான் மாறமாட்டேன்."

"படிச்ச பொண்ணு லா நீ!"

மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

திவ்யா டாரட் என்னும் படச்சீட்டுக் கலையைப் படிப்பது யாருக்கும் புதிதல்ல. சாப்பாட்டு நேரத்தில் நூலகப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாள். தினம் காலையில் ஒரு கார்டு எடுத்து, அந்தப் படம் தன்னை ஏன் உறுத்துகிறது, எதற்குப் பயப்படுகிறோம் என்று யோசிப்பாள். மீட்டிங்கில் வாயே திறக்காதவள், இப்போது பெரிய அதிகாரிகளிடமே "அது சரிவராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். "எல்லாம் இந்தப் புத்தகங்கள் கொடுத்த தைரியம்" என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"தைரியம் முத்திப் பைத்தியம் ஆயிடுச்சு" என்றார்கள் இப்போது.

பக்கத்து மேசை ரமீஸால் பொறுக்க முடியவில்லை. காயல்பட்டினத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாக அவளோடு வேலை பார்ப்பவன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க ஊர்ப் பக்கம் கிளி ஜோசியம் பார்ப்பாங்க. அந்தக் கிளிகூட இருக்கிற வேலையை விடச் சொல்லாது."

சுற்றி இருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"கிளி சொல்றதை நீ கேட்டுக்கோ. கார்டு சொல்றதை நான் கேட்டுக்கறேன்" என்றாள் திவ்யா.

"எனக்கு இடம் கிடைச்சது சந்தோஷம்தான். அதுக்காக நீங்க இவ்வளவு முட்டாளா இருக்கணுமாக்கா?"

"ஆளை விடுப்பா. இடம் வந்துச்சுல்ல, தைரியமா உட்காரு."

தோ பாயோவில் இருக்கும் வீட்டில் அம்மா அதைவிட மோசம். "அந்தப் புத்தகத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு வா. அதுவரைக்கும் இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது" என்றார். திவ்யா கீழே கடையில் மீகோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து அதே புத்தகத்தைப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வழக்கமான சாப்பாட்டுக் கடை. அவளோடு சேர்ந்து டாரட் கற்றுக்கொள்ளும் சங்கீதா, தோசையைத் தொடக்கூட இல்லை. அவ்வளவு கோபம்.

"ரெண்டு வருஷமா சேர்ந்துதானே படிக்கிறோம்? கார்டு முடிவெடுக்கும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? கார்டு கேள்விதான் கேக்கும், பதிலை நாமதான் தேடணும்னு எனக்குச் சொன்னதே நீதானே!"

"புதன்கிழமை எனக்கு ஒரு இண்டர்வியூ இருக்கு. கண்டிப்பா கிடைச்சிடும். நீ சாப்பிடு."

"உனக்குக் கிடைக்கும், எனக்குத் தெரியாதா? அதுவா பேச்சு? இனிமே டாரட் படிக்கிறேன்னு நான் வெளியில சொல்ல முடியுமா? என்னையும் உன்னை மாதிரிதான் நினைப்பாங்க."

திவ்யா சாம்பாரை ஊற்றிக்கொண்டாள்.

சங்கீதா கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தா உன் கட்டு. படம் பார்த்துப் பழகணும்னு வாங்கிட்டுப் போனேன். போன வாரமே கொடுத்திருக்கணும், மறந்து…"

பேச்சு பாதியில் நின்றது. பொட்டலத்தையும் திவ்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இரு. உன்கிட்ட இருக்கிறதே இந்த ஒரு கட்டுதான். இது ரெண்டு வாரமா என் வீட்டுல இருக்கு. திங்கட்கிழமை நீ எந்தக் கட்டைக் கலைச்ச?"

திவ்யா பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரமீஸ் மனைவிக்கு ஏழாவது மாசம். வேலை போனா இங்க தங்குறதுக்கான அவன் பாஸும் போயிடும். அந்தப் பொண்ணை இந்த நிலைமையில கூட்டிக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்பணும். நான் இந்த ஊர்க்காரி, இன்னொரு வேலை தேடிக்க மாட்டேனா?"

"அதை அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு இந்தப் பைத்தியக்காரிப் பட்டம்?"

"சொல்லியிருந்தா அவன் இடத்தை வாங்கியிருக்கவே மாட்டான். வாங்கியிருந்தாலும் என்னைப் பார்க்கிறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவான். இப்ப பாரு, என்னைப் பார்த்தாலே சிரிக்கிறான். நல்லா சிரிக்கட்டும்."