காகிதக் குல்லாய்

"உங்கப்பன் பேரு என்ன? சத்தமாச் சொல்லு!"

ஜிங்வென் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"நாளைக்கு நெல்லடிக்கிற களத்துல ஊரே கூடியிருக்கும். அங்கேயும் இப்படித்தான் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடப் போறியா?"

பெரியவர் முதுகு வளையாமல் மேசைமுன் உட்கார்ந்து, வெள்ளைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பசை தடவிக்கொண்டிருந்தார். சீனாவில் கலாச்சாரப் புரட்சி தொடங்கிய வருடம் அது. குற்றவாளி என்று முடிவான ஆளின் தலையில் இப்படி ஒரு குல்லாயைக் கவிழ்த்துத்தான் மேடையேற்றினார்கள். பெற்ற பிள்ளையே முன்னால் நின்று திட்ட வேண்டும் என்பது உத்தரவு.

"அந்தப் பேர நான் வாயால சொன்னதே இல்ல" என்றான் ஜிங்வென். "ஏழு வயசுல விளையாட்டா ஒரு தடவை சொன்னேன். மூங்கில் குச்சியால வாங்கின அடி இன்னும் மறக்கல."

"அது அந்தக் காலம். பெத்தவன் பேரச் சொல்லக் கூடாதுங்கிற மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி ஆத்துல போட்டாச்சு. சொல்லு, உங்கப்பன் என்ன தப்பு பண்ணினான்?"

"அரிசி மண்டி வச்சிருந்தார்..."

"வச்சிருந்தாரா? அவனை என்ன விருந்துக்கா கூப்பிடுற? வச்சிருந்தான்னு சொல்லு!"

"வச்சிருந்தான். கூலியாளுங்க உழைப்பை உறிஞ்சினான். மூதாதையர் பேர் எழுதின பலகைகளை எரிக்காம, அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சான்."

"அழுகை வேண்டாம். கோபம் வேணும்."

ஜிங்வென்னின் மனைவி சூஃபென் அடுப்படியிலிருந்து வந்தாள். நிறைமாதம். பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல ஒரு பிடி மாவுதான் இருந்துச்சு. அதுவும் பசையாப் போச்சா?"

"பசை நல்லா இருக்கணும் பொண்ணே. மேடையில பிரிஞ்சு விழுந்தா, மறுபடியும் ஏத்துவாங்க."

ஜிங்வென் தரையைப் பார்த்தபடி கேட்டான். "நான் வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

"மூலைத் தெரு லுவோ சொன்னானே, என்ன ஆச்சு? அவனும் பொண்டாட்டியும் வடக்கே பண்ணையில மண் வெட்டுறாங்க. கைக்குழந்தை அங்க குளிர்லயே போயிடுச்சு. உன் பிள்ளையும் அங்கதான் பிறக்கணுமா?"

சூஃபென்னின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சொல்லிடுங்க" என்றாள் கணவனிடம். "எனக்காக வேண்டாம். இதுக்காக."

பெரியவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பேசினா மட்டும் போதாது, அறையவும் சொல்லுவாங்க. கிட்ட வா. என்னை அறைஞ்சு பழகு."

ஜிங்வென்னின் விரல்கள் அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பின.

"என்ன, ஈ ஓட்டுறியா? சிவப்புக் கைப்பட்டை கட்டின பசங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நீ தட்டிக் குடுத்தா, மிச்சத்தை அவங்க தடியால முடிப்பாங்க. நீ ஓங்கி அடிச்சாத்தான் அந்தக் கிழவனுக்கும் நல்லது. ம், அடி!"

அறை விழுந்தது. சூஃபென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவரின் கன்னம் சிவந்தது, ஆனால் முதுகு அசையவில்லை. தூரிகையை எடுத்து மையில் தோய்த்தார்.

"கை தேறிடுச்சு. இப்பப் பேரு. குல்லாயில எழுதணும்."

"ஷென்..."

"களத்தோட கடைசி வரிசைக்குக் கேக்கணும்!"

"ஷென் பாவ்டிங்!"

கத்திவிட்டு ஜிங்வென் அப்படியே தரையில் சரிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பெரியவர் அந்தப் பெயரை, அவமானப்படுத்த எழுதும் வழக்கப்படி தலைகீழாக, ஆனால் ஒரு கோடும் பிசகாமல் எழுதினார். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்கே அடித்தார். ஈரம் காயும்வரை ஊதினார்.

பிறகு எழுந்து நின்று, குல்லாயைத் தன் நரைத்த தலையில் வைத்துக்கொண்டார்.

"நேரா இருக்கா பாரு மருமகளே. கோணலாப் போட்டுக்கிட்டு மேடையேறினா, நம்ம குடும்ப மானம் என்ன ஆகுறது?"